மெதுவாக ஓடினால் மின்சாரம் மிச்சமா?

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் எழுதிப் பழக எட்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. எல்லாம் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

தென்னாப்பிரிக்காவில் 'லோட் ஷெடிங்' என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேவைக்கேற்ற உற்பத்தி இல்லாதபோது முறை வைத்துப் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஏறத்தாழ 1000 மெகாவாட் என்பது கணக்கு. ஆறாம் நிலை என்றால் 6000 மெகாவாட் சுமையை இறக்கியாக வேண்டும். 2007-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய இந்த வழக்கம் 2023-இல் உச்சத்துக்குப் போனது; 2024-இலிருந்து வெகுவாகக் குறைந்தது. எங்கள் வகுப்பு நேரமும் வெட்டு நேரமும் ஒன்றாக விழுந்த சனிக்கிழமைகள் பல. இரண்டு மணி நேரம் இருட்டு.

மண்டபத்தில் ஓர் இன்வெர்ட்டரும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றும் இருக்கின்றன. கணக்குப்படி அதில் 1200 வாட்-மணி இருக்க வேண்டும். ஆனால் ஈய-அமில பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகத் தேய்ந்துவிடும். ஆகவே கைக்கு வருவது 600. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு விழுங்குவதைக் கழித்தால் சுமார் 500 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் 250 வாட். மடிக்கணினி ஒன்றுக்கு 30 வாட் என்றால் எட்டுக்கு 240. விளக்குக்கும் விசிறிக்கும் என்ன செய்வது?

வகுப்பை நடத்தும் அக்கா ஒரு நாள் கேட்டார்: "தம்பி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கொஞ்சம் மெதுவாக ஓட விட்டால் பாட்டரி கூடுதல் நேரம் தாங்கும் அல்லவா?" நான் யோசிக்காமல் "ஆமாம் அக்கா" என்றேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பதில் பாதிதான் சரி என்பது உறைத்தது. பலர் நம்பிக்கொண்டிருப்பதும் இந்தப் பாதி உண்மையைத்தான். மெதுவாக ஓடுவதால் மட்டும் மின்சாரம் மிச்சமாகாது. மிச்சம் வருகிற வழி வேறு.

கணினியின் மூளையான செயலிக்குள் (பிராசசர்) கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், அதாவது மிகச் சிறிய மின் சுவிட்சுகள், இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சின்னஞ்சிறு கிண்ணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'ஒன்று' என்று சொல்ல அந்தக் கிண்ணத்தில் மின்னூட்டத்தை நிரப்ப வேண்டும். 'சுழியம்' என்று சொல்ல அதைக் கீழே ஊற்றிவிட வேண்டும். ஊற்றியது திரும்பி வராது, வெப்பமாகிப் போய்விடும். கணிப்பு என்பதே இந்த நிரப்புதலும் ஊற்றுதலும்தான். கடிகாரத் துடிப்பு எனப்படும் கிகாஹெர்ட்ஸ் கணக்கு, ஒரு நொடிக்கு எத்தனை முறை நிரப்பி ஊற்றலாம் என்பதைச் சொல்கிறது.

இப்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்தின் ஒலிப்பதிவைச் சிறிய கோப்பாக மாற்றுகிறோம். அதற்கு இத்தனை கோடி முறை நிரப்பி ஊற்ற வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு நொடியும் செலவாகும் மின்சாரம் பாதியாகும். வேலை முடிய இரண்டு மடங்கு நேரமாகும். பாதியை இரண்டால் பெருக்கினால் பழைய கணக்குக்கே வந்து நிற்கிறோம். கிண்ணங்களின் எண்ணிக்கை குறையவில்லையே!

குறைய வேண்டியது ஒவ்வொரு கிண்ணத்தின் அளவு. அதைத் தீர்மானிப்பது மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ். ஒரு முறை நிரப்பி ஊற்ற ஆகும் ஆற்றல், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அப்படியானால் மின்னழுத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. மின்னழுத்தம் குறையக் குறைய டிரான்சிஸ்டர் மாறுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த துடிப்பு வருவதற்குள் மாறி முடிக்காவிட்டால் விடை பிழையாகிவிடும். எனவே முதலில் வேகத்தை இறக்கி, அதனால் கிடைக்கும் அவகாசத்தைக் கொண்டு மின்னழுத்தத்தை இறக்க வேண்டும். வேகக் குறைப்பு நாம் கொடுக்கும் விலை. மின்னழுத்தக் குறைப்புதான் அதற்குக் கிடைக்கும் பொருள்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் செயலி தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற வசதியுடன் மடிக்கணினிக்கான பென்டியம் 3 செயலியைக் கொண்டுவந்தது. சுவரில் செருகியிருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பாட்டரிக்கு மாறியதும் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். வேகம் 77 சதவீதமாகிறது. மின்னழுத்தத்தின் விகிதத்தை வர்க்கமாக்கினால் 71 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 55. நூற்றுக்கு 23 பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்து, நொடிக்கு ஆகும் செலவில் 45 பங்கைத் திரும்பப் பெறுகிறோம். வேலை முடிய ஆகும் கூடுதல் நேரத்தையும் சேர்த்தால்கூட, ஒரே வேலைக்கான ஆற்றல் 71 பங்குதான். மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைத்திருந்தால் அந்த 71 என்பது 100 ஆகவே இருந்திருக்கும்.

இந்த எண்ணம் இன்டெலுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1994-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு ஜூல் ஆற்றலுக்கு எத்தனை ஆணைகள் முடிகின்றன என்று அளந்து பார்த்தவர்கள் அவர்கள். கணினி பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது. அவசர அவசரமாக முடித்துவிட்டுக் காத்திருப்பதைவிட, அந்தக் காத்திருப்பு நேரத்துக்குள் வேலையைப் பரப்பி, குறைந்த மின்னழுத்தத்தில் நிதானமாக முடிக்கலாம் என்பது அவர்கள் கண்டு சொன்னது. ஸ்பீட்ஸ்டெப் வந்த அதே ஆண்டில் டிரான்ஸ்மெட்டா நிறுவனத்தின் குரூசோ செயலியும் வந்தது. அது இரண்டே படிகளோடு நிற்காமல், வேலைக்கேற்ப வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஓடும்போதே மாற்றியது. இன்டெலின் போட்டியாளரான ஏ.எம்.டி.யும் பின்னால் நிற்கவில்லை.

அப்போது இது மடிக்கணினிக்கு மட்டுமான கவலையாக இருந்தது. மேசைக் கணினிகளில் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், எனவே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆகும் வெப்பம் கூடாது என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் 1974-இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் அது பலித்தது. பிறகு நின்றுபோனது. மின்னழுத்தத்தை ஓரளவுக்குக் கீழே இறக்கினால், மூடிய டிரான்சிஸ்டர் முழுதாக மூடுவதில்லை. ஒழுகும் குழாய்போல மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கிறது. 2004-இல் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அதன் வெப்ப வரம்பு 115 வாட். திட்டமிட்டிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இன்டெல் அந்த ஆண்டிலேயே கைவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரே சில்லில் இரண்டு, நான்கு என்று கருக்கள் (கோர் எனப்படும் கணிக்கும் பகுதிகள்) பெருகின. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வித்தையும் மடிக்கணினியை விட்டு எல்லாக் கணினிக்குள்ளும் நுழைந்தது.

யார் கூட்டுவது, யார் குறைப்பது? லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த முடிவை எடுக்கும் பகுதிக்குக் 'கவர்னர்' என்று பெயர். இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்பாலைகள் நினைவுக்கு வரும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டர்பன் துறைக்கு வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து கரும்பு வெட்டிய மண் இது. வெட்டிய கரும்பை ஆலைகளில் பிழிந்தது நீராவி இயந்திரம். நீராவி இயந்திரத்தின் மேல் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். இயந்திரம் வேகமெடுத்தால் குண்டுகள் விரிந்து நீராவிக் கதவை மூடும். வேகம் தளர்ந்தால் தாழ்ந்து கதவைத் திறக்கும். ஜேம்ஸ் வாட் 1788-இல் தன் நீராவி இயந்திரத்தில் பொருத்திய கருவி அது. அதன் பெயர் கவர்னர். இன்றைக்கும் மின்நிலையச் சுழலிகளில் அந்தப் பெயரில்தான் ஒரு கருவி 50 ஹெர்ட்ஸைக் காத்துக்கொண்டிருக்கிறது. நாட்டின் மின்தேவை ஏறும்போது சுழலி தளர்கிறது, கவர்னர் கதவைத் திறக்கிறது. திறக்க இனி ஒன்றும் மிச்சம் இல்லை என்ற நிலையில்தான் நம் தெருவுக்கு முறை வருகிறது.

செயலியின் கவர்னரும் அதே வேலையைத்தான் செய்கிறது, கணக்கு வேறு. கடந்த சில மில்லி நொடிகளில் செயலி எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று பார்க்கிறது. சுமை கூடினால் வேகத்தை ஏற்றுகிறது. 'ஆன்டிமாண்ட்' என்ற பழைய கவர்னர் சுமை கூடியதும் ஒரே தாவலில் உச்சத்துக்குப் போகும்; 'கன்சர்வேட்டிவ்' படிப்படியாக ஏறும். 2016-இல் வந்த 'ஷெட்யூட்டில்', எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியிடமே நேராகக் கேட்டுக்கொள்கிறது. 2015-இல் வந்த ஸ்கைலேக் என்ற செயலித் தலைமுறையிலிருந்து இன்டெல் இந்த முடிவின் பெரும்பகுதியைச் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டது. இயங்குதளம் 'வேகம் முக்கியம்', 'சிக்கனம் முக்கியம்' என்று விருப்பத்தை மட்டும் தெரிவிக்கும். மீதியைச் செயலியே பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் பலரை ஏமாற்றுகிறது. பழைய முறையில் 'பவர்சேவ்' கவர்னரைத் தேர்ந்தெடுத்தால் செயலி அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போடப்படும். புதிய இன்டெல் செயலிகளுக்கான லினக்ஸ் இயக்கியில் (டிரைவர்) அதே பெயர் கொண்ட கவர்னர் தேவைக்கேற்ப உச்சம் வரை ஏறும். இணையத்தில் பழைய ஆலோசனையைப் படித்துவிட்டுப் புதிய கணினியில் அதைச் செய்து பார்ப்பவர்கள், ஒன்றுமே மாறவில்லையே என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். மின்னழுத்தமும் சேர்ந்து இறங்கினால் மிச்சம் உண்டு. ஆனால் கணினி என்பது செயலி மட்டும் அல்ல. திரை, நினைவகம், வன்தட்டு, வைஃபை எல்லாம் கணினி விழித்திருக்கும் வரை தின்றுகொண்டேயிருக்கும். செயலி மெதுவாக ஓடினால் இவை கூடுதல் நேரம் விழித்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, முழு வேகத்தில் செயலிக்கு 30 வாட், மற்றவற்றுக்கு 12 வாட், வேலை பத்து நிமிடம் என்று கொள்வோம். 42-ஐப் பத்தால் பெருக்க, 420 வாட்-நிமிடம். பாதி வேகத்தில் செயலிக்கு 12 வாட் போதும், ஆனால் இருபது நிமிடம் ஆகும். மொத்தம் 24 வாட், 480 வாட்-நிமிடம். மெதுவாக ஓடியதால் செலவு கூடிவிட்டது! வேலை முடிந்ததும் மூடி உறங்க வைக்கப்போகும் கணினி என்றால் விரட்டி முடிப்பதே சிக்கனம். பொறியாளர்கள் இதை 'ஓய்வை நோக்கி ஓடுதல்' என்பார்கள்.

ஆனால் வகுப்பில் அப்படி இல்லை. வேலை முடிந்தாலும் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். முழு வேகத்தில் முடித்த பிறகும் மீதிப் பத்து நிமிடம் திரை முதலியவற்றுக்கு 12, சும்மா இருக்கும் செயலிக்கு ஒன்று என 13 வாட் போகும். 420-உடன் 130 சேர்த்தால் 550. இப்போது 480-தான் குறைவு. அதே கணினி, அதே வேலை. முடிந்ததும் அணைக்கப்போகிறோமா இல்லையா என்பது விடையைப் புரட்டிப் போடுகிறது. ஆகவே திரை எப்படியும் எரிந்துகொண்டிருக்கும் வகுப்பு மாதிரியான இடத்தில் அக்கா சொன்னது சரி. இரவில் தனியாக ஓடி முடிந்ததும் அணைந்துபோகும் வேலைக்கு அது பொருந்தாது.

எவ்வளவு மெதுவாக என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மின்னழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்காது. இறங்கினால் ஒன்றுக்கும் சுழியத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். அந்தத் தரையைத் தொட்ட பிறகும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் விலையை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், பொருள் கைக்கு வருவதில்லை. கசிவில் போகும் மின்சாரமும் நேரம் நீள நீளக் கூடிக்கொண்டே போகிறது. எனவே அடிமட்ட வேகத்தில் கட்டிப்போடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

உச்சியில்தான் உண்மையான வீண் செலவு இருக்கிறது. 2008-இலிருந்து இன்டெல் செயலிகளில் 'டர்போ' இருக்கிறது. குளிர்ச்சிக்கும் மின்சாரத்துக்கும் இடம் இருந்தால் அறிவித்த வேகத்துக்கும் மேலே தாவிப் போகும். அந்தக் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மின்னழுத்தம் மிக அதிகமாக ஏற்றப்படுகிறது, வர்க்கக் கணக்கு முழு வீச்சில் அடிக்கிறது. தட்டச்சுக்கும் பாடம் கேட்பதற்கும் அந்த வேகம் தேவையே இல்லை. விண்டோஸில் மின் அமைப்புகளில் செயலியின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான கணினிகளில் டர்போ நின்றுவிடும். ஒரே ஒரு எண் மாற்றம். எங்கள் எட்டுக் கணினிகளிலும் நான் செய்த முதல் வேலை அதுதான். விசிறிகளின் இரைச்சல் அடங்கியது, பிள்ளைகள் வித்தியாசத்தை உணரவே இல்லை.

டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. செயலி 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். வெப்பம் ஏறக் கசிவு கூடும், கசிவு கூட வெப்பம் ஏறும். விசிறியில் தூசி அடைத்திருந்தால் இந்தச் சுழலில் சிக்கிக்கொள்ளும். ஒரு தூரிகையால் தூசியைத் தட்டியதிலேயே இரண்டு கணினிகள் பிழைத்துக்கொண்டன.

மின்கலம் முதுமையடைந்தால் வேறு வகைச் சிக்கல் வரும். இங்கே பிரச்சினை மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது அல்ல, ஒரே நொடியில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. பழைய லித்தியம் மின்கலத்தின் உள்தடை கூடியிருக்கும். செயலி திடீரென்று உச்சத்துக்குத் தாவினால் மின்னழுத்தம் சரிந்து, 30 சதவீதம் மிச்சம் காட்டிக்கொண்டிருந்த கருவி சட்டென்று அணைந்துவிடும். பழைய ஐபோன்களில் இதைத் தடுக்கச் செயலியின் உச்சத்தைக் குறைத்திருப்பதாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தொழில்நுட்ப முறையில் அது நியாயமான தீர்வு. பயன்படுத்துபவருக்கு வெளிப்படையாகச் சொல்லாமல் செய்ததுதான் தவறு. மின்கலத்தை மாற்றினால் போதும் என்று தெரியாமல் போனையே மாற்றியவர்கள் இருந்திருப்பார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு, ஏனென்றால் கிட்டத்தட்ட அதே தவற்றை நானும் செய்யப் போனேன்.

மூன்றாம் மேசையில் இருந்த கணினி ஒரு வெட்டுக்குப் பிறகு ஆமையாகிவிட்டது. எழுத்தைத் தட்டினால் திரையில் வரவே ஒரு மூச்சு விடும் நேரம். வயதாகிவிட்டது, தூக்கிப் போடலாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். போடுவதற்கு முன் செயலியின் வேகத்தைக் காட்டும் திரையைத் திறந்து பார்த்தேன். 0.79 கிகாஹெர்ட்ஸ். வேலை கொடுத்தேன், 0.79. இன்னும் கொடுத்தேன், 0.79. அசையவில்லை. சார்ஜரைக் கழற்றினேன். எண் உடனே இரண்டுக்கு மேல் ஏறியது. செருகினேன், மறுபடியும் 0.79.

மின்சாரம் திரும்பி வந்தபோது ஏற்பட்ட எழுச்சியில் பழைய சார்ஜர் எரிந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக மலிவான ஒன்றை வாங்கி மாட்டியிருந்தோம். அந்த வகைச் செருகியின் நடுவில் ஊசிபோல ஒரு மெல்லிய கம்பி இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் தரும் என்ற செய்தி அதன் வழியாகத்தான் கணினிக்குப் போகிறது. மலிவான சார்ஜரிலிருந்து செய்தி வரவில்லை. எவ்வளவு தாங்கும் என்று தெரியாத சார்ஜரை நம்பி ஓடக் கூடாது என்று கணினி தன்னை அடிமட்டத்தில் கட்டிப்போட்டுக்கொண்டது. சரியான சார்ஜரை மாட்டினோம், கணினி பழையபடி ஆனது. உங்களிடம் உள்ள கணினி திடீரென்று மந்தமானால் அதைக் குறை சொல்வதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலிப் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது வகுப்பில் டர்போ நிறுத்தம், திரை வெளிச்சம் பாதி, மற்றபடி கவர்னர் தன் போக்கில். பாட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடியும் 19 ஆக்கிக் கணினிக்குக் கொடுப்பதில் இரண்டு இடத்தில் இழப்பு. அதனால் வெட்டு இருக்கும் நாளில் அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் போவதற்கு முன்பே மடிக்கணினிகளின் சொந்த மின்கலங்களை நிரப்பி வைத்துவிடுகிறார் அக்கா. முதல் முக்கால் மணி நேரம் கணினிகள் தங்கள் மின்கலத்திலேயே ஓடும். முதலில் அணையத் தொடங்குகிற மூன்றை மட்டும் இன்வெர்ட்டரில் செருகுகிறோம். விசிறியும் ஓடுகிறது.